இடது ஓர ஆட்டக்காரரின் நெற்றி

நான் வேலை பார்த்த ஏல நிறுவனத்துக்கு இப்போது ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட அட்டையை அதன் வாயில் வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே தள்ளும்போது இது அசல், இது போலி, இது அசல்தான் ஆனால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று திரையில் சொல்லிவிடும். அதன் திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்தார்கள். போனேன். நாங்கள் கேக் சாப்பிட்டு முடிப்பதற்குள் அது ஒரு பெட்டி அட்டைகளைப் பார்த்து முடித்திருந்தது. அதற்குக் கேக் கொடுக்கவில்லை.

"முன்னெல்லாம் நீங்க எப்படிக்கா பாத்தீங்க?" என்று இப்போது அங்கே வேலை செய்யும் பெண்கள் கேட்டார்கள். கண்ணால் என்றேன். அது போதாது, எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு நேரம் நிறைய இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கால்பந்து தெரியாது, கூடைப்பந்தும் தெரியாது. அட்டையில் சிரிக்கிற மனிதர் எந்த ஊருக்கு ஆடினார், எத்தனை கோல் போட்டார் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் விழிப்பேன். எனக்குத் தெரிந்தது தாளும் மையும்தான். எங்கள் ஊர் ஈப்போவில் ஓர் அச்சகத்தில் பல வருடங்கள் சாஸ் பாட்டில் லேபிள்களில் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சகம் மூடியது. அதே தெருவில், ஒரு கோப்பிக் கடையின் மாடியில், இணையத்தில் ஏலம் விடும் நிறுவனம் ஆள் தேடியது. அட்டை வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் உலகம் முழுக்க இருந்தார்கள். ஏமாற்றுகிறவர்களும் அப்படியே. ஏலத்துக்கு வரும் அட்டையைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். நேர்காணலில் ஒரே மாதிரி இரண்டு அட்டைகளைக் காட்டினார்கள். ஒன்றில் சிவப்பு மை புள்ளிப் புள்ளியாக இருந்தது, மற்றதில் வழித்துவிட்டது போல் இருந்தது. அதுதான் போலி என்று சொன்னேன். மறுநாள் வரச் சொன்னார்கள். பயிற்சி என்று அவர்கள் சொன்னது பெரும்பாலும் பொறுமையாக உட்கார்வதுதான்.

எங்கள் முறை இப்படி. கையைக் கழுவு, பவுடர் போடாதே. அட்டையை உறையிலிருந்து எடுத்து முதலில் மோந்து பார். பிறகு அளந்து பார், ஏனென்றால் மழுங்கின மூலையைக் கூராக்க ஓரத்தை மயிரிழை அளவுக்கு வெட்டிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். பூதக்கண்ணாடி வைத்து நான்கு ஓரங்களையும் பார். வெளுத்த மூலைக்கு மார்க்கர் பேனாவால் சாயம் பூசியிருந்தால் அங்கே தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து மேற்பரப்பைப் பார். கடைசியாக அறையை இருட்டாக்கி ஊதா விளக்கின் கீழ் வை. புதுத் தாள் அந்த வெளிச்சத்தில் நீலமாக மின்னும், பழைய தாள் சும்மா கிடக்கும். பார்த்ததை எழுதி மூடி வைத்துவிட்டு அட்டையை இரண்டாம் ஆளிடம் கொடு. நீ என்ன எழுதினாய் என்று அவருக்குத் தெரியக்கூடாது. என் இரண்டாம் ஆள் மே லிங். நாங்கள் இருவரும் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம், அட்டையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

இரண்டு அறிக்கைகளும் எங்கள் மேலதிகாரி திரு. சிவகடாட்சத்திடம் போகும், எங்களுக்கு அவர் சார். அவர் யாழ்ப்பாணத்து வழியினர். தாத்தா ரயில்வேக்கு வந்தவர், அப்பா அரசாங்க ஆஸ்பத்திரியில், இவர் அரசாங்கத் தணிக்கையில் இருந்துவிட்டு எங்களிடம் வந்தார். கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டை. காலையில் வந்ததும் கைக்குட்டையால் மேசையைத் துடைப்பார், அதற்கு முன் கூட்டுகிற அம்மா துடைத்திருந்தாலும். அவர் வாயிலிருந்து 'போலி' என்ற சொல் வந்ததே இல்லை.

"போலி எண்டு சொல்லுறதெண்டால் செய்தவன்ர மனசு தெரியோணும். எங்களுக்குக் கார்ட் மட்டும்தான் தெரியும்" என்பார்.

அவர் எழுதும் தீர்ப்புகள் மூன்றுதான். 'திருப்தி.' 'திருப்தியில்லை.' மூன்றாவது எப்போதாவது வரும்: 'போய்ப் பார்க்கவும்.' ஒருமுறை பாகான் செராய் ஊரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கத்தினார். என் காதுக்கே கேட்டது.

"ஏன் சார், என் கார்டு போலியா?"

"இல்லை ஐயா. எங்களுக்குத் திருப்தியில்லை."

"அப்போ ஒரிஜினலா?"

"அதிலயும் திருப்தியில்லை."

அந்த மனிதர் தொலைபேசியை வைத்துவிட்டார். சார் மேசையை மறுபடியும் துடைத்தார்.

புது அட்டையைப் பழசாகக் காட்ட ஆட்கள் கோப்பியில் ஊறவைப்பார்கள். கறுப்புக் கோப்பி என்றால் கண்டுபிடிக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டும். ஈப்போக்காரர் ஒருவர் வெள்ளைக் கோப்பியில் ஊறவைத்து அனுப்பினார். கெட்டிப் பாலும் சீனியுமாக. காலையில் நான் அலமாரியைத் திறந்தபோது அந்த உறைக்கு எறும்புகள் சாரை பிடித்து நின்றன. மே லிங் தன் அறிக்கையில் 'எறும்பு' என்று ஒரு சொல் மட்டும் எழுதினார். சார் படித்துவிட்டு 'திருப்தியில்லை' என்று எழுதினார். அன்றைக்கு நாங்கள் ஊதா விளக்கை எடுக்கவே இல்லை.

இப்படிச் சிரித்துக்கொண்டே ஓடிய வேலையில் ஓர் அட்டை மட்டும் என்னை உட்காரவைத்துவிட்டது. அந்த அட்டையைத்தான் எழுத வேண்டும்.

ஒரு காலத்தில் நம் ஊர் பிஸ்கட் வியாபாரி ஒருவர் டின்னுக்குள் மாநிலக் கால்பந்து வீரர்களின் படங்களைப் போட்டு விற்றிருக்கிறார். பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படங்களைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள், அதனால் மிச்சம் இருப்பவை சொற்பம். அதில் ஒன்று லூமுட் என்ற கடலோர ஊரிலிருந்து வந்தது. இடது ஓரத்தில் ஆடிய மாணிக்கம். சுருட்டை முடி, மஞ்சள் சட்டை, வெட்கப்பட்ட சிரிப்பு. படத்தின் குறுக்கே நீலப் பேனாவில் தமிழில் 'மாணிக்கம்' என்று கையெழுத்து. விற்பவர் பெயரும் மாணிக்கம். ஏலக் குறிப்பில் ஒரே வரி: 'படத்தில் இருப்பவரே இப்போது போட்ட கையெழுத்து.'

தாள் சரி. மை சரி. அளவு சரி. ஓரம் முழுக்கச் சட்டத்தின் தடம் இருந்தது, அதாவது பல வருடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கிய அட்டை. பக்கவாட்டு வெளிச்சத்தில் நெற்றியின் நடுவே ஒரு வட்டம் மட்டும் பளபளப்பு இல்லாமல் தேய்ந்திருந்தது. ஈரத் துணியால் யாரோ அழுத்தித் துடைத்திருக்கிறார்கள். ஊதா விளக்கை வைத்தேன். அந்த வட்டம் மஞ்சளும் பச்சையுமாக ஒளிர்ந்தது. மஞ்சள்தூள் அப்படித்தான் ஒளிரும். ஒருநாள் வைத்த பொட்டின் மிச்சம் இல்லை அது. வாரா வாரம் அதே இடத்தில் வைத்து வைத்துத் தாளின் நாருக்குள் இறங்கிவிட்டது.

மே லிங் தன் அறிக்கையில் 'நெற்றியில் கறை, துடைக்கப்பட்டுள்ளது, கறியாக இருக்கலாம்' என்று எழுதினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மஞ்சள் எல்லாம் ஒரே மஞ்சள்தான்.

எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நம் வீட்டுச் சுவர்களில் பொட்டு இரண்டு பேருக்குத்தான். ஒருவர் சாமி. மற்றவர் இறந்துபோனவர். உயிரோடு இருக்கும் மனிதனின் படத்துக்கு யாரும் பொட்டு வைக்க மாட்டார்கள், கை கூசும். ஆகவே மாணிக்கம் செத்துப் பல வருடமாகிறது, இறந்தவரின் பெயரில் எவனோ கணக்குத் திறந்து, பொட்டை அழித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறான். எங்களிடம் கணக்குத் திறக்க ஒரு மின்னஞ்சலும் முகவரியும் போதும். 'ஆட்டக்காரர் காலமானவர். கையொப்பம் அவருடையதாக இருக்க முடியாது' என்று எழுதினேன். இப்படி ஓர் அறிக்கையில் சார் கையெழுத்துப் போட்டால் அது நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் எல்லோரும் படிக்கும்படி போடப்படும், காவல் நிலையத்துக்கும் ஒரு பிரதி போகும். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சார் இரண்டு அறிக்கைகளையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்கள் இவற்ற செத்தவீட்டுக்குப் போனனீங்களோ?"

"இல்ல சார்."

"நானும் போகேல்லை. மே லிங்கும் போகேல்லை. அப்ப ஆர் போனது?"

அவர் மூன்றாவது தீர்ப்பை எழுதினார்.

லூமுட்டில் படகுத்துறைக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. நரைத்த சுருட்டை முடியோடு ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

"மாணிக்கம்ங்கிறவர் வீடு..."

"நான்தான்."

"கால்பந்து மாணிக்கம்?"

"அது அப்போ. இப்போ சும்மா மாணிக்கம். என்னா விசயம்மா?"

சிரிப்பு அட்டையில் இருந்த அதே சிரிப்பு, பல் மட்டும் குறைவு. அந்த வாசலில் நின்றபோது எனக்கு வந்த கூச்சத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஒருவருடைய சாவை என் பைக்குள் வைத்துக்கொண்டு அவரிடமே தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அடையாள அட்டையைக் காட்டினார். வெள்ளைத் தாளில் நாலைந்து தரம் கையெழுத்துப் போடச் சொன்னேன், போட்டார். 'க்' மேலே புள்ளிக்குப் பதில் ஒரு சின்ன வட்டம், அட்டையில் இருப்பது போலவே. பிறகுதான் பொட்டைப் பற்றிக் கேட்டேன்.

அவர் மனைவி ஆ லான் அடுப்படியிலிருந்து வந்தார். சீனர், மீன் வியாபாரி மகள், ரப்பர் தோட்டத்து ஆட்களுக்கு மீன் விற்றே தமிழ் பழகியவர்.

"இவுரு சாகல லா. மூணு வேள சாப்பிடுறாரு. நான்தான் ஆக்குறேன், எனக்குத் தெரியாதா?"

"சும்மா இரு ஆ லான்" என்றார் மாணிக்கம். பிறகு என்னைப் பார்த்து, "இவளக் கட்டிக்கிட்டு வந்தேன்மா. அப்பா தோட்டத்துல எல்லாருக்கும் முன்னாடி என்னைத் தலைமுழுகிட்டாரு. வீட்ல என் போட்டோன்னு இருந்தது அந்த பிஸ்கட் கார்டு ஒன்னுதான். அதுக்கே ஃபிரேம் போட்டு, மால போட்டு, பொட்டு வச்சு மாட்டிட்டாரு. எம்மவன் செத்துட்டான்னுட்டாரு. அம்மா கருமாதிக்குக்கூட என்னை விடல. அப்புறம் அவரும் போயிட்டாரு. படம் மட்டும் அங்கேயே தொங்குச்சு."

"நீங்க எப்போ அதப் பாத்தீங்க?"

"தோட்டத்து வீட்ட ஒடைக்கப் போறோம்னுட்டாங்க. எல்லாம் செம்பனை மரம் போடப் போறானுங்க. தங்கச்சி ஆயர் தாவாருக்கு மாறுறா, பீரோ தூக்க ஆள் இல்ல. போனேன். செவுத்துல பாத்தா நான். கண்ணாடி எப்பவோ ஒடஞ்சு போயிருக்கு, கார்டு மேலயே பொட்டு. ஈரமா இருக்கு. அன்னைக்கு வெள்ளிக்கிழம."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. நான்தான் துடைத்துக்கொண்டேன்.

"பொட்ட நான்தான் அழிச்சேன். என் நெத்தி, நான் அழிச்சேன். அதுக்கு மேலயே கையெழுத்தும் போட்டேன். ஆனா வீட்ல மாட்ட மனசு வரல. தங்கச்சி வீட்ல இருந்தா வெள்ளிக்கிழமன்னா அவ கை சும்மா இருக்காது. வெளியாளு யாராச்சும் வச்சிருந்தா நான் வெறும் ஆட்டக்காரன். அதான் விக்கிறேன்." என் பையைப் பார்த்தார். "உங்க ரிப்போட்ல என்னா எழுதியிருக்கு?"

நான் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை.

"எங்கப்பா ஒரு தடவ சொல்லிட்டாரும்மா. அது தோட்டத்தோட போச்சு. நீங்க முத்திர சாப் குத்தி ஊருக்கெல்லாம் போட்டுறாதீங்க."

எங்கள் முறையில் இரண்டாம் ஆள் உண்டு. திரும்பும் வழியில் ஆயர் தாவாரில் விசாரித்துத் தங்கை பாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். ஏலத்துக்கு ஓர் அட்டை வந்திருக்கிறது என்று சொன்னேன், அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. படத்துக்குப் பொட்டு வைத்தது யார் என்று மட்டும் கேட்டேன்.

"நான்தான்க்கா. அப்பா வைக்கச் சொன்னாரு, வச்சேன். அப்போ சின்னப் புள்ள, அழுதுகிட்டே வச்சேன். அப்புறம் பழக்கமாயிருச்சு."

"அண்ணன் உயிரோட இருக்கிறது தெரியாதா?"

"தெரியாம என்னா? மார்க்கெட்ல பாப்பேன். அண்ணிகிட்டதான் மீன் வாங்குவேன். எடைக்கு மேல ரெண்டு மீன் போட்டுக் குடுப்பாங்க. வீட்டுக்கு வந்து மீன ஆக்கி வச்சிட்டு..." தானே திருத்திக்கொண்டாள். "வெள்ளிக்கிழம மீன் கிடையாது. வெள்ளிக்கிழம பொட்டு வைப்பேன்."

"உயிரோட இருக்கிறவருக்கா?"

"படத்துக்குத்தானேக்கா" என்றாள். அதற்குப் பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "நிறுத்துனா அப்பா சொன்னத மீறுனதா ஆயிரும். வச்சா அண்ணனுக்கு ஆகாது. அன்னைக்கு அண்ணன் பாத்துட்டாரு. படத்த பாக்கெட்ல எடுத்துப் போட்டுக்கிட்டு, பீரோவையும் தூக்கி வச்சிட்டுப் போயிட்டாரு. அப்புறம் மார்க்கெட்டுக்கும் நான் போறதில்ல."

அலுவலகத்துக்குத் திரும்பி நீளமாக எழுதினேன். தலைமுழுகியது, பீரோ, இரண்டு மீன் எல்லாம். சார் பொறுமையாகப் படித்துவிட்டு ஒவ்வொன்றாக அடித்தார். கைவைத்த அட்டை என்றால் கைவைத்தது என்று எழுதியாக வேண்டும், அது விதி. அதை அவர் அடிக்கவில்லை. கடைசியில், விற்பவரின் மொழியில் எழுதி உறைக்குள் வைக்கும் சீட்டில் நின்றது இவ்வளவுதான்:

'அசல் அட்டை. நெற்றியில் இருந்த பொட்டு அகற்றப்பட்டது. கையொப்பம் ஆட்டக்காரருடையது. உயிருடன் இருக்கிறார்.'

"கடைசி வரி கார்டைப் பத்தினது இல்லையே சார்" என்றேன்.

"இல்லைத்தான். எழுதுங்கோ."

அட்டையையும் சீட்டையும் கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நானே மூடினேன். ஒருமுறை மூடினால் உடைத்தால்தான் திறக்கும். உடைத்தால் எங்கள் சான்று செல்லாது. கைவைத்த அட்டைக்கு ஏலத்தில் பெரிய போட்டி இருக்காது, இதற்கும் இல்லை. எடுத்தவர் பெயரைப் பார்த்தேன். ஆயர் தாவாரில் நான் போன அதே வீட்டு முகவரி. பாக்கியத்தின் மருமகன். மாணிக்கத்துக்கு நான் சொல்லவில்லை. வாங்கியவர் பெயரை விற்றவருக்குச் சொல்லக்கூடாது, அதுவும் விதி.

சொல்லவேண்டிய தேவையும் வரவில்லை. சில வாரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"அம்மா, தங்கச்சி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டா. ஆ லானையும்தான். போனா டிவிக்கு மேல நான் இருக்கேன். பேரப் புள்ளைங்க படத்துக்குப் பக்கத்துல."

"பொட்டு?"

"இல்ல. ஒரு வெள்ளிக்கிழம தன்னால கை போச்சாம். பிளாஸ்டிக் வழவழன்னு இருந்துச்சாம், அப்புறம் உங்க சீட்டப் படிச்சாளாம். கைய முந்தானையில தொடைச்சிட்டு வந்துட்டாளாம்." அவர் சிரித்தார். "அந்தக் கடைசி வரிய யாரும்மா எழுதுனா?"

சார் என்றேன். அவர் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார். பிறகு சார் மேசைக்கு அவ்வப்போது மீன் வரும். சார் சைவம். மே லிங் எடுத்துப் போவார்.

நான் ஓய்வு பெற்று, சாரும் ஓய்வு பெற்ற பிறகு, ஒருநாள் பாக்கியத்திடமிருந்து அழைப்பு.

"அக்கா, அண்ணன் போயிட்டாரு. பதினாறாம் நாள் காரியம் வருது. அந்தப் படம்தான் இருக்கு. பொட்டு வைக்கணும். அந்த பிளாஸ்டிக்க எப்படித் தொறக்கிறது? மருமகன் சுத்தியல் எடுக்கிறாரு, எனக்குப் பயமா இருக்கு."

நானே வருகிறேன் என்றேன். போகும் வழியெல்லாம் அழுதேன், இத்தனைக்கும் எனக்குக் கால்பந்தும் தெரியாது, அந்த மனிதரை நேரில் பார்த்ததும் ஒரே ஒருநாள்தான். வேலைக் காலம் முழுக்க உறைகளை மூடியிருக்கிறேன். திறந்தது அது ஒன்றுதான். மூலையில் குறடு வைத்து மெல்ல நெரித்தால் ஒட்டு விடும். விட்டது. சான்று செல்லாததாகிவிட்டது. அட்டையை எடுத்துப் பாக்கியத்திடம் கொடுத்தேன்.

அவள் மோதிர விரலில் மஞ்சளையும் குங்குமத்தையும் தொட்டாள். இடம் தேட வேண்டியிருக்கவில்லை. தேய்ந்த வட்டத்தின் மேல் பொட்டு அப்படியே உட்கார்ந்தது. பாக்கியம் வாய்விட்டு அழுதாள்.

சீட்டு மேசையில் கிடந்தது. சட்டத்துக்குள் அதையும் சேர்த்துப் போடலாமா என்று மருமகன் கேட்டார். போடலாம், ஆனால் கடைசி வரி இனிமேல் சரியில்லை. கத்தரிக்கோல் வாங்கி அந்த வரியை மட்டும் வெட்டினேன். ஓரம் வெட்டுகிறவர்களைப் பிடித்தே சம்பளம் வாங்கிய நான், கோணாமல் நன்றாகவே வெட்டினேன்.

ஆ லான் அதுவரை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து அந்தத் துண்டைக் கையில் எடுத்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

"இதுல என்னா எழுதியிருக்கு?"

படித்துக் காட்டினேன்.

"உங்களுக்கு வேணாம்தானே?" என்று என்னையும் பாக்கியத்தையும் கேட்டார். பிறகு அதை இரண்டாக மடிக்காமல், கசங்காமல், தன் பர்ஸுக்குள் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.